அப்போ-பி, அப்போ-ஏ: கொழுப்பு ரிப்போர்ட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றும் விட்டபாடில்லை. கோயிலில் ஏழு கறிக்கு வாழை இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருவர் வந்து, பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். வீட்டில் எல்லோரும் கிரியோலில் "லாக்ரெஸ் தாங் டிசாங்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடும் இரத்தக் கொழுப்பு, காகிதத்தில் ஆறேழு வரியாக நிற்கும். இப்போது சில ரிப்போர்ட்டுகளில் அப்போ-பி, அப்போ-ஏ1 என்று புது வரிகளும் சேர்ந்துவிட்டன. ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு நம்பர்?

இல்லை, இரண்டும் வேறு. ட்ரைகிளிசரைடு என்பது எரிபொருள். சமையல் எண்ணெய், நெய், நம் இடுப்பில் தொங்கும் கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுதான். கொலஸ்ட்ரால் எரியாது. அது செல்களின் சுவர் கட்டவும், சில ஹார்மோன்களும் பித்தநீரும் செய்யவும் உடம்புக்கு வேண்டிய மெழுகு மாதிரியான ஒரு பொருள்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை, தண்ணீரில் கரையாதது. ரசத்தின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி இரத்தத்திலும் மிதந்தால் வம்பு. அதனால் உடம்பு இரண்டையும் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல்., எச்.டி.எல்., வி.எல்.டி.எல். எல்லாம் இந்த உருண்டைகளின் பெயர்கள்.

அப்போ இந்த அப்போலிப்போபுரோட்டீன் எங்கே வருது? பருப்புல இருக்கிற புரோட்டீனா?

சாப்பாட்டிலிருந்து நேராக வருவதில்லை. கல்லீரலும் குடலும் சொந்தமாகச் செய்பவை இவை. மேலே சொன்ன உருண்டையின் தோலில் உட்கார்ந்திருக்கும் புரதங்களுக்குத்தான் அப்போலிப்போபுரோட்டீன் என்று பெயர். உருண்டை கலையாமல் பிடித்துக்கொள்வதும், எங்கே இறங்க வேண்டும், யார் கதவைத் தட்ட வேண்டும் என்று வழி காட்டுவதும் இவற்றின் வேலை.

"அப்போ" என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். நம் "அப்போ, இப்போ" இல்லை இது. கிரேக்கத்தில் "பிரிந்த" என்று பொருள்: கொழுப்பை நீக்கிவிட்டால் மிஞ்சும் புரதம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கரும்பு லாரியைக் காட்டித்தான் விளக்குவேன். கூப் எனும் கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்குப் போகும் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பு என்பது கொழுப்பு. லாரி என்பது உருண்டை. லாரியின் நம்பர் பலகை, ஓட்டுநர், சாவி, கதவுக்காரன் இவர்கள்தான் அப்போலிப்போபுரோட்டீன்கள். கீழே பல இடங்களில் இந்த லாரி திரும்ப வரும்.

ஏ, பி, சி, ஈ ன்னு இத்தனை எழுத்தா? எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா?

வேண்டாம். பி-யைத் தெரிந்தால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. கல்லீரலிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வி.எல்.டி.எல். உருண்டையிலும் ஒரே ஒரு அப்போ-பி இருக்கும். அது வழியில் கொழுப்பை இறக்கிச் சுருங்கி எல்.டி.எல். ஆனாலும் அதே அப்போ-பி கூடவே இருக்கும், இறங்காது. குடலிலிருந்து வரும் கைலோமைக்ரான் என்ற பெரிய உருண்டையிலும் ஒன்று உண்டு. அது கல்லீரலின் அப்போ-பி நீளத்தில் 48 சதவீதம்தான், அதனால் பி-48 என்பார்கள். முழு நீளமுள்ளது பி-100.

ஆக அப்போ-பி நம்பர் பலகை. பலகையை எண்ணினால் எத்தனை லாரி ஓடுகிறது என்று தெரியும். ஏ-1 என்பது எச்.டி.எல். உருண்டையின் முதன்மைப் புரதம். சி-2, சி-3, ஏ-5, ஈ ஆகியவை சரக்கு எவ்வளவு வேகமாக இறங்குகிறது, காலி வண்டி எவ்வளவு சீக்கிரம் வீடு திரும்புகிறது என்பதைப் பார்த்துக்கொள்கின்றன.

சென்னையில எடுத்தப்ப ட்ரைகிளிசரைடு 260. இங்க வந்து எடுத்தா 2.9. ரீயூனியன்ல மச்சான் எடுத்தா 2.60ன்னு வருது. யார் சொல்றது சரி?

மூவரும் சொல்வது ஒன்றேதான். அளவுகோல் வேறு. சென்னையில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல், பிரெஞ்சு முறையில் லிட்டருக்கு கிராம். ட்ரைகிளிசரைடுக்கு, நம் எண்ணை 88.5 ஆல் பெருக்கினால் சென்னை எண் வரும். கொலஸ்ட்ராலுக்கு 38.7 ஆல் பெருக்க வேண்டும். ஒன்றின் பெருக்கலை இன்னொன்றுக்குப் போட்டுப் பயந்துபோய் வந்தவர்கள் நிறைய.

எவ்வளவு இருந்தா சரி?

வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு 1.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. இதயத்தைப் பற்றிய கவலை அதற்கு மேலேயே தொடங்கிவிடுகிறது. சுமார் 5.6 தாண்டினால் கணையத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும். 10-க்கு மேல் போனால் கணைய அழற்சி நிஜமான ஆபத்து. வயிற்றின் மேல்பகுதியில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடுமையான வலி, வாந்தி என்றால் அந்த இரவே ஆஸ்பத்திரி.

அந்த அளவில் இரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சுழற்றி வைத்தால் மேலே நிற்கும் திரவம் பால் மாதிரி இருக்கும். முதல் முறை பார்த்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். குளிர்பெட்டியில் ஒரு இரவு வைத்தால் ஏடுகூடக் கட்டும்.

வெறும் வயித்துலதான் வரணுமா? காவடி விரதத்துல இருக்கறப்ப எடுக்கலாமா?

முன்பு பன்னிரண்டு மணி நேரப் பட்டினி கட்டாயம் என்போம். இப்போது முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பெரும்பாலும் போதும் என்று ஐரோப்பிய நிபுணர் குழுக்களே 2016-இல் சொல்லிவிட்டன. சாப்பிட்ட நிலையில் 2-க்குக் கீழ் இருந்தால் சரி. 5-க்கு மேல் வந்தால் பட்டினியோடு மறுபடி எடுக்க வேண்டும். அப்போ-பிக்குப் பட்டினியே தேவையில்லை. பி-48 சுமக்கும் கைலோமைக்ரான்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, அதனால் ஒரு வேளை சாப்பாட்டால் அந்தக் கணக்கு அசையாது.

தைப்பூச விரதப் பத்து நாளில் எடுத்தால் ட்ரைகிளிசரைடு உங்கள் வழக்கமான நிலையைக் காட்டாது. ரம், பியர் நின்றிருக்கும், அதனால் இறங்கியிருக்கலாம். சிலருக்கு விரதமே பாயசமும் வெள்ளைச் சோறும் பழரசமுமாகப் போய், ஏறியும் இருக்கும். விரதம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு எடுங்கள். நல்ல எண் வர வேண்டும் என்று விரதத்தில் வந்து கையை நீட்டிய மாமா ஒருவர் உண்டு, அவரே தன்னை ஏமாற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

நான் எண்ணெயே தொடறதில்ல. காத்தோ பிமாங் (மிளகாய் வடை) கூட விட்டுட்டேன். எப்படி ட்ரைகிளிசரைடு ஏறுது?

எண்ணெயைக் குறைத்தீர்கள், சரி. தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை? மதியம் எத்தனை கரண்டி சோறு? வெள்ளிக்கிழமை இரவு எத்தனை கிளாஸ்? பட்டினி இரத்தத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் கல்லீரல் கட்டி அனுப்பியது. மிஞ்சிய சர்க்கரையை, அதிலும் பழச்சர்க்கரை எனப்படும் ஃபுரக்டோஸை, கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். சீனியில் பாதி அந்தச் சர்க்கரைதான். மதுவும் அதே வேலையைச் செய்கிறது. கரும்பு வெட்ட வந்த பாட்டன் பூட்டன்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் நீரிழிவு. இன்சுலின் சரியாக வேலை செய்யும்போது கல்லீரல் சி-3 என்ற புரதத்தைக் குறைவாகவே செய்யும். இன்சுலினின் பேச்சு எடுபடாத உடம்பில் சி-3 கூடும், வி.எல்.டி.எல்.-உம் கூடும். சி-3 என்ன செய்கிறது என்பதைக் கீழே தம்பியைப் பற்றிய கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பலருக்கு ட்ரைகிளிசரைடு தானாக இறங்கும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. அது வேறு எண்ணில் தெரியும். 1987-இல் மொரீஷியஸ் அரசு மலிவு விலை எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்த நிலையிலிருந்து முழுக்க சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1987-க்கும் 1992-க்கும் இடையில் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5-லிருந்து 4.7-ஆக இறங்கியது. எண்ணெய் மாற்றத்துக்கு அதில் பெரிய பங்கு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு தீவு முழுக்கச் சமையலறையில் ஒரு டின்னை மாற்றியதற்குக் கிடைத்த பலன்! ஆனால் அதே காலத்தில் நீரிழிவு குறையவில்லை, எடை ஏறியது. கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் வேறு வேறு வழியில் போகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

மாமாவுக்கு எல்.டி.எல். நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியும் ஐம்பத்திரண்டு வயசுல ஹார்ட் அட்டாக். எப்படி?

நம்மவர்களிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 4.9, எச்.டி.எல். 0.9, ட்ரைகிளிசரைடு 3.1, எல்.டி.எல். 2.6. எல்.டி.எல். வரியை மட்டும் பார்த்தால் பெரிய குறை இல்லை. ஆனால் அந்த 2.6 என்பது எல்.டி.எல். உருண்டைகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. எத்தனை உருண்டை என்று அது சொல்லாது.

ட்ரைகிளிசரைடு கூடினால் ஒரு பண்டமாற்று நடக்கிறது. வி.எல்.டி.எல். தன் ட்ரைகிளிசரைடைக் கொடுத்து, எல்.டி.எல்.-இடமிருந்தும் எச்.டி.எல்.-இடமிருந்தும் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். கொலஸ்ட்ராலை இழந்த எல்.டி.எல். சிறுத்து அடர்ந்துபோகும். பத்து பெரிய லாரியில் போகும் கரும்பைப் பதினைந்து சின்ன லாரியில் ஏற்றின கதை. ஆலை வாசலில் எடை போட்டால் கரும்பு அதேதான். ரோட்டில் நெரிசல் கூடிவிட்டது. இரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது லாரிதான், ஒவ்வொரு லாரிக்கும் சிக்குவதற்கு ஒரு வாய்ப்பு. அதனால் மாமாவைப் போன்றவர்களிடம், அதாவது ட்ரைகிளிசரைடு கூட, எச்.டி.எல். குறைவு, இடுப்பு பெருத்து, சர்க்கரையும் இருப்பவர்களிடம், அப்போ-பி எடுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 1.1, 1.2 கிராம் என்று கூடுதலாக வந்து நிற்பது அபூர்வமில்லை.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்போடு மிக வலுவாக இணைந்து நின்றது அப்போ-பிக்கும் அப்போ-ஏ1-க்கும் உள்ள விகிதம்தான். அந்த ஆய்வில் சேர்ந்த தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. பூர்வீகம் எந்த ஊர் என்று டாக்டர் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று. பல கூடங்களில் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை, மற்ற மூன்று எண்களிலிருந்து கணக்குப் போட்டு எழுதுவார்கள். ட்ரைகிளிசரைடு 4.5 தாண்டினால் அந்தப் பழைய கணக்கு செல்லாது. தாண்டிய பிறகும் கணக்கு எண்ணைப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டுகளை என் கையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்ப ட்ரைகிளிசரைடே குழாய்ல போய் அடைச்சுக்குதா?

அடைப்பில் தேங்குவது பெரும்பாலும் கொலஸ்ட்ரால். அந்தப் படிவில் ட்ரைகிளிசரைடைத் தேடினால் அதிகம் கிடைக்காது. செல்களால் அதை எரித்துவிட முடியும், கொலஸ்ட்ராலை முடியாது. ஆனால் ட்ரைகிளிசரைடைச் சுமந்து வந்த வண்டி, பாதி இறக்கிய பிறகு மீதக் கொலஸ்ட்ராலோடு சுற்றிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் ரெம்னன்ட் என்பார்கள், நாம் மிச்ச உருண்டை என்று வைத்துக்கொள்வோம். சுமார் 70 நானோமீட்டருக்குள் சுருங்கிய உருண்டை சுவருக்குள் நுழைந்துவிடும். அதிலும் அப்போ-பி ஒன்று உண்டு.

இதில் ஒரு விசித்திரம். பிறவியிலேயே ட்ரைகிளிசரைடு 20, 30 என்று இருக்கும் சிலருக்கு முதல் ஆபத்து கணையம், இதயம் இல்லை. அவர்கள் இரத்தத்தில் நிற்பவை ராட்சசக் கைலோமைக்ரான்கள். கோயில் தேர் சந்துக்குள் நுழைய முடியாத மாதிரி, அவற்றால் சுவருக்குள் எளிதில் நுழைய முடியாது. 3, 4 என்று சாதுவாகத் தெரியும் எண்ணை இதய டாக்டர் முறைத்துப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

ஒரே வீடு, ஒரே பானை. ட்ரைகிளிசரைடு எனக்கு 1.2, தம்பிக்கு 7. அவன் மட்டும் என்ன பாவம் பண்ணினான்?

பாவமும் இல்லை, பல நேரம் பழக்கமும் இல்லை. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்ச் சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. உருண்டை வந்து நின்றதும் ட்ரைகிளிசரைடை வெட்டி உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆலையின் இறக்கு மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையைத் திறக்கும் சாவி சி-2. அதே உருண்டையில் உட்கார்ந்துகொண்டு "பொறு, பொறு" என்று வேலையைத் தாமதப்படுத்துபவன் சி-3. மிச்ச உருண்டையைக் கல்லீரல் திரும்ப எடுத்துக்கொள்வதையும் அவனே தள்ளிப்போடுவான். ஏ-5 மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் மேடை வேலையைத் துரிதப்படுத்தும். எலியின் மரபணு வரிசையையும் மனிதனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது 2001-இல்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

சாவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் டொரான்டோ டாக்டர்கள் 1978-இல் எழுதினார்கள். அளவுக்கு மீறிய ட்ரைகிளிசரைடும் கணைய நோயும் உள்ள ஒருவருக்கு வேறு காரணத்துக்காக இரத்தம் ஏற்றினார்கள். ட்ரைகிளிசரைடு மளமளவென்று இறங்கியது. கொடையாளியின் இரத்தத்தோடு சி-2 வந்து சேர்ந்ததுதான் காரணம். அவர் உடம்பில் அது பிறவியிலேயே இல்லை.

தாமதக்காரன் இல்லாவிட்டால்? 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் சமூகத்தாருக்குக் கனமான பாலேட்டுப் பானம் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு சி-3 மரபணுவின் ஒரு பிரதி உடைந்திருந்தது. அவர்களுக்கு ட்ரைகிளிசரைடு குறைவு, இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவும் குறைவு. 2014-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அப்படிப்பட்டவர்களுக்கு இதய நோய் ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. 2017-இல் பாகிஸ்தானில் இரண்டு பிரதியுமே உடைந்த குடும்பம் ஒன்று கிடைத்தது. தாய், தகப்பன் இருவருக்கும் அப்படி, ஒன்பது பிள்ளைகளுக்கும் அப்படி. கொழுப்பு நிறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், அவர்கள் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறவே இல்லை. எனக்கு இந்த ஆய்வைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

இந்தக் கண்டுபிடிப்புகளின் தொடர்ச்சியாக, கல்லீரலில் சி-3 உற்பத்தியையே அடக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. ஓலெசார்சென் என்ற ஒன்றுக்குப் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தம்பிக்கு அதெல்லாம் இப்போது வேண்டியதில்லை. 7 என்பது பெரும்பாலும் சின்னச் சின்ன மரபுக் குறைகள் பல சேர்ந்து, மேலே சர்க்கரையோ மதுவோ எடையோ ஏறி வருவது. மரபை மாற்ற முடியாது, மேலே ஏறியதை இறக்கலாம்.

மாத்திரை போட்டு ட்ரைகிளிசரைடு 3.4-லிருந்து 2.3 ஆயிடுச்சு. இனி இதயத்துக்குப் பயம் இல்லைதானே?

அப்போ-பி இறங்கியதா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பெமாஃபைப்ரேட் என்ற மாத்திரையை நீரிழிவு உள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து 2022-இல் முடிவு சொன்னார்கள். ட்ரைகிளிசரைடு கால்பங்குக்கு மேல் இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எல்.டி.எல். கூடியது, அப்போ-பியும் ஏறக்குறைய 5 சதவீதம் கூடியது. வி.எல்.டி.எல். வண்டிகள் வேகமாகச் சரக்கை இறக்கி எல்.டி.எல். ஆகிவிட்டன, வண்டிகள் ரோட்டை விட்டுப் போகவில்லை.

2019-இல் ஆறரை லட்சம் பேரின் மரபணுக்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். பிறவியிலேயே ட்ரைகிளிசரைடு குறைந்தவர்கள் ஒரு பக்கம், எல்.டி.எல். குறைந்தவர்கள் ஒரு பக்கம். அப்போ-பி ஒரே அளவு குறைந்திருந்தால் இரு பக்கமும் இதயத்துக்குக் கிடைத்த நன்மை கிட்டத்தட்ட ஒன்றே. எனக்கு இதைப் படித்த பிறகுதான் பழைய குழப்பம் தீர்ந்தது. மேலே சி-3 உடைந்தவர்கள் தப்பித்ததும் இதோடு பொருந்துகிறது: அவர்களுடைய மிச்ச உருண்டைகளைக் கல்லீரல் சீக்கிரம் எடுத்துவிடுகிறது.

உங்கள் மாத்திரை வீண் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 10-ஐத் தாண்டியவருக்குக் கணையத்தைக் காக்க அதே வகை மாத்திரையைத்தான் கொடுக்கிறார்கள். இதயத்துக்கு முதல் மருந்து ஸ்டாட்டின், அது வண்டிகளையே குறைக்கும்.

பார்மசில விக்கிற மீன் எண்ணெய்? இல்லன்னா பாட்டி போட்டுத் தர்ற திசான்?

சாதாரண மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றிரண்டில் ட்ரைகிளிசரைடு பெரிதாக அசையாது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளில் ஒன்றான இ.பி.ஏ.-ஐச் சுத்திகரித்து நாளுக்கு 4 கிராம் கொடுத்த ஆய்வு 2018-இல் இதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. வேறு வகை மீன் எண்ணெயை அதே 4 கிராம் கொடுத்த ஆய்வு 2020-இல் பலன் இல்லை என்றது. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்குக் கொடுத்த எண்ணெய் பற்றி இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. மூலிகைத் திசானில் சீனி போடாமல் குடித்தால் கெடுதல் குறைவு. ஸ்டாட்டினுக்குப் பதிலாக அது வேண்டாம்.

நல்ல கொலஸ்ட்ரால் (எச்.டி.எல்.) ஏறினா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்களே?

சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. எச்.டி.எல்.-ஐ எழுபது சதவீதம் ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தை 2006-இல் பாதியில் நிறுத்தினார்கள், குடித்தவர்களிடம் சாவு கூடியது. எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. இத்தாலியில் கார்டா ஏரிக்கரை கிராமம் லிமோனேயில் சிலருக்கு ஏ-1 புரதம் சற்று மாறியிருக்கிறது. எச்.டி.எல். மிகக் குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம், ஆனாலும் இதய நோய் எதிர்பார்த்த அளவு இல்லை. எச்.டி.எல். குறைவாக இருந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்றுவதை இலக்காக வைக்க வேண்டாம்.

உள்ளங்கை ரேகையில மஞ்சள் கோடு இருக்கு. கைரேகைக்காரர் யோகம்னார்.

யோகம் எதுவும் இல்லை, டாக்டரிடம் போங்கள். அப்போ-ஈ என்பது மிச்ச உருண்டையைக் கல்லீரல் அடையாளம் காண உதவும் புரதம். அதில் ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று சாயல்கள். அம்மா வழியும் அப்பா வழியும் ஈ2 வந்தவர்கள் சுமார் நூற்றுக்கு ஒருவர். அவர்களில் சிலருக்கு மட்டும், நீரிழிவோ தைராய்டு குறையோ எடையோ சேரும்போது மிச்ச உருண்டைகள் குவிந்து, கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஒன்றாக ஏறும். ரேகையில் மஞ்சள் படிவது அதன் தனி அடையாளம். அப்போ-பியை நம்பும் நானே இங்கே எச்சரிக்க வேண்டும்: இந்த நோயில் அப்போ-பி அவ்வளவு ஏறாமல் ஏமாற்றும். மருந்துக்கும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் நன்றாகவே வழிக்கு வரும்.

ஈ4 என்றால் மறதி நோயா என்று கேட்பார்கள். ஆபத்து கூடும், ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை.

எல்.பி.(ஏ)ன்னு ஒண்ணு இருக்காமே. அது அப்போ-ஏவா?

பெயர்க் குழப்பம். எச்.டி.எல்.-இல் இருக்கும் ஏ-1 வேறு, இது வேறு. எல்.டி.எல். மாதிரியான ஒரு உருண்டையில் அப்போ-பியோடு இன்னொரு வால் புரதம் கட்டப்பட்டிருக்கும். 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தது. அளவு ஏறக்குறைய முழுக்க மரபு, சாப்பாடோ ஓட்டமோ ஸ்டாட்டினோ குறைக்காது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இருந்தால் அந்த ஒரு முறையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்போ-பி எவ்வளவு இருக்கணும்? எடுக்க முடியலன்னா?

2019 ஐரோப்பிய வழிகாட்டியின்படி, நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு லிட்டருக்கு 1.00 கிராமுக்குக் கீழ், அதிக ஆபத்து என்றால் 0.80-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 0.65-க்குக் கீழ். உங்கள் ஆபத்து எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எடுக்க முடியாவிட்டால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். காசே இல்லாத பரிசோதனை! மேலே மாமாவைப் பற்றிய கேள்வியில் காட்டிய ரிப்போர்ட்டில் 4.9-இல் 0.9 போக 4.0. அதிக ஆபத்து உள்ளவருக்கு இது 2.6-க்குக் கீழ் வேண்டும். எல்.டி.எல். வரி மறைத்ததை இந்தக் கழித்தல் காட்டிவிட்டது, பார்த்தீர்களா?

எனக்கு அப்போ-பி 0.75, ஆனா ட்ரைகிளிசரைடு 3.1. அப்ப நம்பர் பலகை குறைவு, விட்டுடலாமா?

நல்லாப் படித்திருக்கிறீர்கள். லாரிகள் குறைவு, ஒவ்வொன்றிலும் சரக்கு அதிகம். இதயத்துக்கு மாமாவின் நிலையைவிட இது மேல். ஆனால் சரக்கு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று கேட்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் கொழுப்பு பார்த்தீர்களா? ஸ்டீராய்டோ ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ எடுக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனால் பெட்டியில் என்ன போகிறது? இதற்கெல்லாம் பதிலை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். என்னிடம் வருவதென்றால் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துவாருங்கள், ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.